லெஸ்டர் பெட்டியில் ஒரு நீலப் புள்ளி

1

திருப்பூரிலிருந்து என் பழைய முதலாளியின் மகன் கடிதம் போட்டிருக்கிறார். பெயர் துரைசாமி. நான் அங்கே பனியன் கம்பெனியில் லேபிள் வரைந்துகொண்டிருந்த காலத்தில் அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் ஏறி விளையாடியவர். இப்போது கம்பெனி அவர் கையில். கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"சாமியப்பன் அண்ணனுக்கு வணக்கமுங்க. மழைதான் இல்லீங்க, மத்தபடி எல்லாரும் சௌக்கியம். நாம வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பலாம்னு இருக்கறோமுங்க. ஊஞ்சக்கிளி லேபிளைக் காட்டினா வெளிநாட்டுக்காரங்க சிரிக்கறாங்களாமுங்க. பம்பாயில ஒரு ஏஜென்ட் லெஸ்டர்ல அடிச்ச பெட்டி ஒண்ணு காட்டினாருங்க. பூராவும் வெள்ளை. கீழே பொடி எழுத்துல ஒரு வரி. மேல மூலையில ஒரு நீலப் புள்ளி. அவ்வளவுதானுங்க! அதுதான் இப்ப ஸ்டைலுன்னு சொன்னாரு. உங்க ஊரு ஸ்டைலு உங்களுக்குத்தானுங்க தெரியும். அதே மாதிரி புள்ளி வெச்சு நமக்கு ஒரு லேபிள் எழுதி அனுப்போணுமுங்க."

இதைப் படித்துவிட்டு நான் சமையலறைக்கும் முன்னறைக்குமாக நாலு நடை நடந்தேன். முதல் கோபம், 'உங்க ஊரு' என்றதற்கு. பன்னிரண்டு வருஷம் இந்த வெள்ளைக்காரர் ஊரில் குளிரில் நடுங்கினால் அது என் ஊராகிவிடுமா? இங்கே உள்ளவர்கள் 'உங்கள் ஊரில் எப்படி?' என்று திருப்பூரைக் கேட்கிறார்கள். திருப்பூர்க்காரர் லெஸ்டரைக் கேட்கிறார். இரண்டு பக்கமும் சேர்ந்து என்னை எங்கே குடிவைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கோபம் அந்தப் புள்ளிக்கு. அந்தப் பெட்டியை வரைந்தவன் நான். அந்தப் புள்ளியை வைத்ததும் நான். அது நீலமும் இல்லை, ஸ்டைலும் இல்லை. துரைசாமிக்குத் தனியாக எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆனால் ஊரில் இன்னும் எத்தனை பேர் அந்தப் பெட்டியைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறார்களோ! அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

2

எனக்குச் சொந்த ஊர் மங்கலம். வீட்டில் தறி. நான் மட்டும் தறிக்குழியில் உட்காராமல் சுவரில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தக் கைதான் சோறு போட்டது. சைக்கிளை மிதித்துத் திருப்பூர் போய் லேபிள் ஆர்ட்டிஸ்ட் ஆனேன்.

ஊஞ்சக்கிளி லேபிளை இன்னும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நடுவில் ஊஞ்சல். அதில் இரண்டு கிளிகள். பின்னால் மலை, மலைமேல் முருகன் கோயில். வலப்பக்கம் புகைபோக்கியோடு கம்பெனிக் கட்டிடம், அதாவது கட்ட வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்ட கட்டிடம். இடப்பக்கம் வட்டத்துக்குள் முதலாளியின் அப்பா. சுற்றிலும் திராட்சைக் கொடி. ஒரு தடவை மேல் மூலையில் கொஞ்சம் இடம் விட்டுவிட்டேன். முதலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா சாமியப்பா, இந்த மூலை எதுக்குச் சும்மா கெடக்குது?"

"அது ஆகாசமுங்க."

"ஆகாசத்த எதுக்குப்பா அச்சடிக்கோணும்? வெளியே வந்து அண்ணாந்து பார்த்தா இருக்குது. அங்க ஒரு கிளியைப் போடு."

மூன்றாவது கிளி அப்படி வந்ததுதான். சிரிக்கலாம். ஆனால் அந்த மனிதருக்குத் தன் வாடிக்கையாளர் யார் என்று தெரியும். கொமரலிங்கத்துச் சந்தையில் ஒருவர் கடைக்காரரிடம் கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டார். "ஊஞ்சல் போட்டது குடுங்க" என்பார். வேறு கம்பெனிக்காரன் இரண்டு கிளி போட்ட போலிப் பெட்டியை நீட்டினால், "இதுல கிளி ஒண்ணு கொறையுதுங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எழுத்துத் தெரியாதவரை ஏமாற்ற முடியாதபடி வரைவது லேசான வேலை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். லேபிள் வரைந்து முடித்து, அச்சுக்குச் சிவகாசி போகுமுன் அட்டையின் மூலையில் குங்குமம் வைப்போம். முதலாளியே வைப்பார். அவர் ஊரில் இல்லாவிட்டால் நான் வைப்பேன். சிவகாசியில் ஒரு மனிதர் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்துதான் அச்சுக்கு எடுப்பார். அவருக்கு எது கிளி, எது குங்குமம் என்று தெரியும். அவர் குங்குமத்தை வரைய மாட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இந்த விவரம்தான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

3

லெஸ்டரும் பின்னலாடை ஊர்தான். சாக்ஸ், பனியன், ஸ்வெட்டர். தெருவில் நடந்தால் ஜன்னல் வழியாக மிஷின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். மனைவி சரோஜாவையும் இரண்டு வயது மகள் வளர்மதியையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இங்கே கடைக்காரப் பெண்மணி முதல் நாளே என்னை வாத்து என்று கூப்பிட்டாள். இந்த ஊரில் எல்லோரையும் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிவதற்குள் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

பெட்டிகளுக்கு டிசைன் செய்யும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. மேலாளர் பெயர் ஹார்வி. என் லேபிள்களை மேசையில் பரப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. "இதெல்லாம் படிக்கத் தெரியாதவர்களுக்கா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். 'ஆமாம், ஆனால் உங்களைவிடக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதில் எனக்கு இரண்டு வருஷம் கழித்து பஸ்ஸில் போகும்போது தோன்றியது.

அப்போதுதான் இங்கே புது மோஸ்தர் பரவிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அதன் ஆட்சிதான். படம் கூடாது. கொடி கூடாது. எழுத்துக்கு மேலும் கீழும் வரும் சின்னக் கால்களையெல்லாம் வெட்டிவிட்டு மொட்டை எழுத்துதான் போட வேண்டும். பெயரைக்கூடப் பெரிய எழுத்தில் தொடங்கக் கூடாது. முதலில் தாள் முழுக்கக் கட்டம் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டத்தை விட்டு எதுவும் நகரக் கூடாது. மீதியெல்லாம் வெள்ளை. நான் எதையாவது வரைந்து கொண்டுபோனால் ஹார்வி ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, "பெட்டி மூச்சு விடட்டும், சாம்" என்பார். சாமியப்பன் என்ற பெயரையும் அப்படித்தான் வெட்டி வெள்ளை விட்டிருந்தார். மூச்சு விட வேண்டியது உள்ளே இருக்கும் பனியன்தான் என்று நான் முணுமுணுத்துக்கொள்வேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளை விடுவது சும்மா இருப்பது அல்ல. ஒரு வரியை எந்த இடத்தில் நிறுத்தினால் கண் நிற்கும் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கற்றுக்கொண்டேன், நன்றாகவே செய்தேன். எனக்குப் பிடிக்காதது வெள்ளை அல்ல. அதைச் செய்பவர்களுக்குத்தான் கண் உண்டு, மற்றவர்களெல்லாம் இருட்டில் கிடக்கிறார்கள் என்ற நினைப்புத்தான்.

4

ஐந்தாம் வருஷம் குடும்பத்தைக் கூட்டிவர விண்ணப்பித்தேன். மெட்ராஸில் இருக்கும் விசா அலுவலகம் சரோஜாவை மூன்று தடவை வரச்சொன்னது. ஒவ்வொரு தடவையும் ரயிலேறிப் போய் வரிசையில் நின்றாள். கல்யாணம் ஆனதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். எங்கள் கல்யாணம் சிவன்மலைக் கோயிலில் நடந்தது. அங்கே யார் ரிஜிஸ்டர் செய்தார்கள்? கடைசியில் அவள் எங்கள் கல்யாணப் பத்திரிகையை நீட்டியிருக்கிறாள்.

அந்தப் பத்திரிகையை வரைந்ததும் நான்தான். ஓர் அங்குலம்கூட இடம் விடாமல் இரண்டு பக்கத்துப் பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் பெயர்களெல்லாம் ஊரோடு போட்டிருந்தேன். அதிகாரி அவளையும் துணைக்குப் போன அவள் அண்ணனையும் தனித்தனியாக நிறுத்தி உறவுமுறை கேட்டு, பத்திரிகையோடு ஒத்துப் பார்த்து நம்பிவிட்டார். புது மோஸ்தரில் இரண்டு பெயரும் ஒரு தேதியும் போட்டு மிச்சத்தை வெள்ளையாக விட்டிருந்தால் என் மனைவி இன்னும் மெட்ராஸில் நின்றுகொண்டிருப்பாள்.

பிறகு ஒரே ஒரு காகிதம் பாக்கி. ஆர்ட்டிஸ்ட் என்றால் நிலையான வேலைதானா என்று அவர்களுக்குச் சந்தேகம். நான் நிரந்தர ஊழியன் என்று என் மேலாளர் எழுதிய கடிதம், குறிப்பிட்ட தேதிக்குள் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தச் சேதியை எழுதிய சரோஜா, சிவன்மலைக் குங்குமத்தையும் ஒரு பொட்டலத்தில் மடித்து வைத்திருந்தாள்.

நான் அதைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு முடிக்க வேண்டியது ஒரு பனியன் பெட்டி. முழுக்க முழுக்க என் பொறுப்பில் விட்ட முதல் வேலை. வெள்ளைப் பெட்டி, கீழே ஒரு வரி, நீல மையில் ஒற்றை நிற அச்சு. இங்கே வந்தபின் நான் அட்டையின் பின்பக்கம்தான் குங்குமம் வைப்பேன். ஏனென்றால் இங்கே படத்தை எடுப்பது கை அல்ல, கேமரா. அதற்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். அது பார்த்ததை அச்சு மிஷின் கேட்ட மையில் அடித்துத் தள்ளும். இது தெரிந்தும் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கை முன்பக்கம் போய்விட்டது. மேல் மூலை, ஓரம், எப்படியும் வெட்டுப்பட்டுப் போகும் என்ற கணக்கு. அந்தப் பெட்டிக்கு வெட்டுக்கோடு நான் நினைத்ததைவிட வெளியே இருந்தது. குங்குமம் வெட்டுப்படாமல் நீலப் புள்ளியாக அச்சாகிவிட்டது.

தவறு என்னுடையதுதான். அதை அன்றும் மறைக்கவில்லை.

5

பெட்டிகள் அச்சாகிப் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபின், அங்கே புதிதாக வந்த ஒரு டைரக்டர் அது என்ன புள்ளி என்று கேட்டாராம். ஹார்வி என் அட்டையை எடுத்துவரச் சொன்னார். மூலையை விரலால் தேய்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளை டைப் அடித்து என்முன் வைத்தார். 'என் கவனக்குறைவால் மூலப்படத்தில் அழுக்குப் படிந்திருந்தது' என்று ஒரே வரி. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. சாமியப்பன் எங்கள் நிரந்தர ஊழியர் என்று மெட்ராஸுக்குப் போக வேண்டிய கடிதம். அதில் ஹார்வி கையெழுத்துப் போடவில்லை.

"நீ இதில் போடு சாம், நான் அதில் போடுகிறேன்" என்றார். மிரட்டும் குரலில் இல்லை. ஒரு வேலையை முடிக்கும் குரல்தான்.

"தவறு என்று எழுதுங்கள், போடுகிறேன். அழுக்கு என்று எழுதாதீர்கள்" என்றேன்.

"அழுக்கு இல்லையென்றால் அது என்ன?"

என் ஆங்கிலம் அங்கே படுத்துவிட்டது. பொடி என்றேன். சிவப்பு என்றேன். கோயில் என்றேன். என் மனைவி அனுப்பியது என்றேன். எல்லாம் சேர்ந்து அவருக்கு என்ன புரிந்ததோ, "அதாவது அழுக்கு" என்றார்.

நான் போடவில்லை. மூன்று நாள் போடவில்லை. ஒவ்வொரு நாளும் மெட்ராஸ் தபாலுக்கு ஒரு நாள் குறைந்தது.  என் மகள் அப்பாவை போட்டோவில் மட்டும் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தாள். அவளைக் கூட்டிவருவதற்காக அந்த ஒரு வார்த்தையைக் கையெழுத்துப் போட்டு விழுங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் கோப்பில் இருக்கும். சரோஜா நெற்றியில் அந்தக் குங்குமத்தையே வைத்துக்கொண்டு இந்த ஊர்த் தெருவில் என்னோடு நடப்பாள். என்னால் முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை கேமரா அறையிலிருந்து ஸ்டான் வந்தார். போலந்துக்காரர். அவரும் நாடு விட்டு வந்தவர்தான், என்னைவிட மோசமான நிலைமையில். கையில் ஒரு சுருள்.

"சாம், நான் அதை நெகட்டிவ்வில் பார்த்தேன்" என்றார். "மை தடவி அடைத்துவிடலாம் என்று பிரஷ்ஷைக்கூட எடுத்தேன். அப்புறம் யோசித்தேன். நீங்களெல்லாம் இப்போது செய்யும் டிசைனில் ஒரு புள்ளிதானே முழு டிசைனும்! அதை அடைத்துவிட்டால் என்னைத்தானே திட்டுவீர்கள்?"

சுருளைப் பிரித்தார். அது அந்தப் பெட்டியின் ப்ரூஃப். அச்சுக்கு முன் பெரியவர்கள் பார்த்து ஒப்புதல் போடும் தாள். அவர்கள் ஒப்புதல் போடும் அறைக்குள் என்னைப் போன்றவர்களை விட மாட்டார்கள். மேல் மூலையில் நீலப் புள்ளி தெளிவாக இருந்தது. கீழே மூன்று ஒப்பங்கள். முதல் ஒப்பம் ஹார்வியுடையது.

"ஒப்பம் போடும்போது உன் மேலாளர் பனியன் கம்பெனிக்காரரிடம் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புள்ளிதான் பக்கம் முழுவதையும் தாங்குகிறது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்" என்றார் ஸ்டான்.

திருப்பூரில் எங்கள் கம்பெனியில் என்றால் பெட்டி ஒட்டும் பெண்ணே, "ஏனுங், மூலையில என்னமோ ஒட்டியிருக்குது பாருங்க" என்று சொல்லியிருப்பாள். இங்கே மூன்று பெரிய மனிதர்கள் பார்த்துவிட்டு, கேட்டால் தங்களுக்கு மோஸ்தர் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து ஒப்பம் போட்டிருக்கிறார்கள்.

ப்ரூஃபை எடுத்துக்கொண்டு ஹார்வியின் மேசைக்குப் போனேன். அந்த அழுக்கு வரியின் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

"நீங்கள் இதில் ஒப்பம் போட்டபோது இது அழுக்காக இருந்ததா?" என்று கேட்டேன். இந்தத் தடவை என் ஆங்கிலம் நேராக நின்றது.

அவர் புள்ளியைப் பார்த்தார், தன் ஒப்பத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு முதல் தாளை மடித்துக் கூடையில் போட்டுவிட்டு இரண்டாம் தாளில் கையெழுத்துப் போட்டார். பனியன் கம்பெனிக்கு என்ன சொன்னாரோ, இன்றைக்கு வரை அவர்கள் அந்தப் புள்ளியை எடுக்கவில்லை. நான் கடிதத்தை அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

சில மாதம் கழித்து ஹார்வி வேறொரு வேலையோடு வந்தார். "இதிலும் அந்த மாதிரி ஒரு புள்ளி வைத்துவிடு சாம்" என்றார். மாட்டேன் என்றேன். அழுக்கு என்று கையெழுத்துப் போடாதவன் அலங்காரம் என்று விற்கவும் மாட்டான். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவர் புள்ளி வைத்தார். பதவி உயர்வும் அவருக்கே போயிற்று. போகட்டும்.

6

சரோஜாவும் மதியும் வந்து சேர்ந்த இரண்டாம் வாரம், இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். சரோஜா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளு கையெழுத்துப் போடாம இருந்தீங்களா?"

"ஆமா."

"ஒரு வார்த்தைக்காவ?"

"அது நீ அனுப்பின குங்குமம் சரோஜா."

"குங்குமம் நூறு பொட்டணம் அனுப்பியிருப்பேனுங்க. சிவன்மலையில அதுக்கென்ன பஞ்சமா? நானும் புள்ளையும் அங்க வெயில்ல நின்னுட்டிருக்கறோம், நீங்க இங்க ரோசம் பார்த்துட்டிருந்தீங்களாக்கும். அழுக்குன்னே எழுதிக் குடுத்துட்டு எங்களக் கூட்டியாந்திருக்கோணுமுங்க."

அவள் அழுதாள்.  அவள் சொன்னது நியாயம். நான் செய்ததும் நியாயம். ஏழு வருஷமாக இந்த இரண்டும் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கின்றன.

7

மதிக்குப் பதினான்கு வயது. பள்ளியில் ஓவியம் படிக்கிறாள். தன் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவதே இல்லை. என் ஊஞ்சக்கிளி லேபிளைச் சுவரில் மாட்டியிருந்தேன். அவளுடைய தோழிகள் வரும் நாளில் அது அலமாரிக்குப் பின்னால் போய்விடும். "பார்த்தா மூச்சு முட்டுதுப்பா" என்கிறாள். ஹார்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

துரைசாமியின் கடிதத்தை அவளும் படித்தாள். "அவங்க கேக்கறதக் குடுத்திருங்களேப்பா. வெறும் டாட்தானே?" என்றாள். நான் கோபமாகத் திரும்பினேன். அவள் பயப்படவில்லை. என் மகள்தானே.

பிறகு உட்கார்ந்து லேபிளை வரைந்தேன். வெள்ளைதான் விட்டேன், துரைசாமி, நன்றாகவே விட்டிருக்கிறேன். நொய்யல் கரையில் துணியை வெளுத்து வெளுத்து ஊருக்கே வெள்ளையைக் கொடுத்தவர்கள் நாம். வெள்ளை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் நடுவே சின்னதாக ஊஞ்சல் இருக்கிறது. மூன்று கிளிகளும் இருக்கின்றன. சிரிக்கிற வெளிநாட்டுக்காரர் சிரித்துவிட்டு வாங்கட்டும். சந்தையில் நம்மைத் தேடுகிறவர் கிளியை எண்ணிப் பார்த்து வாங்கட்டும். புள்ளி வைக்கவில்லை. அது ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அட்டையை உறையில் போடப்போகும் நேரம் சரோஜா வந்து எட்டிப் பார்த்தாள்.

"புள்ளி எங்கீங்க?"

"வைக்க மாட்டேன். அவருக்கு அது நீலப் புள்ளி. வெளிநாட்டு ஸ்டைலாம்."

அவள் கடிதத்தை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தாள். முகம் மாறியது. "சிவன்மலைக்கு மாசாமாசம் போறவங்க ஊட்டுப் புள்ள! அவருக்குமா அது குங்குமம்னு தெரியல?" என்றாள். விடுவிடுவென்று உள்ளே போனாள். குங்குமச் சிமிழோடு வந்து, மோதிர விரலால் தொட்டு, அட்டையின் மேல் மூலையில், முன்பக்கத்தில், அழுத்தி வைத்தாள்.

"அம்மா, முன்னாடி வெச்சா பிரிண்ட் ஆயிரும்!" என்று மதி கத்தினாள்.

"ஆவட்டும் கண்ணு" என்றாள் சரோஜா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "செவப்புலதான் அடிக்கோணும்னு ஓரத்துல எழுதுங்க. நீலத்துல அடிச்சா சரோஜாக்கா ஏரோப்ளேன் ஏறி வந்து கேப்பான்னும் எழுதுங்க."

இரண்டையும் எழுதியிருக்கிறேன்.